இரவல் குடல்

புருஷன் வயிற்றில் ஒட்டியிருந்த பையின் வாயை அவிழ்த்து அகிலா குவளையில் ஊற்றினாள். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. கூழ் பதத்தில் வர வேண்டிய மலம் வெறும் தண்ணீராகக் கொட்டியது. நாற்றமும் வேறாக இருந்தது.

"தண்ணி சாஸ்தி குடிச்சிட்டேன், அவ்ளோதான்" என்றான் தணிகைவேல், அவளைப் பார்க்காமல்.

ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஆள். ரத்தம் உறைந்து குடல் அழுகி, அதை வெட்டியெடுத்த பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நரம்பு வழியாகத்தான் சாப்பாடு. அப்புறம் சென்னையில், செத்துப்போன யாரோ ஒருவரின் குடலை வைத்துத் தைத்தார்கள். ஆந்திர எல்லையிலிருக்கும் நகரிக்குத் திரும்பியதும் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. இரவல் குடல் கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று கிண்டல் பண்ணியது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. புதுக் குடலை உடம்பு விரட்டாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை, உடம்பின் காவலையும் கட்டிப்போட்டுவிடும், ஒரு சின்னக் கிருமி போதும், கை கழுவாமல் யாரும் கிட்டே போகக் கூடாது என்றார். பையில் தண்ணீராகக் கொட்டினால் அந்த நிமிஷமே கிளம்பி வரச் சொன்னார். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை.

வண்டிக்குச் சொல்ல அகிலா போனை எடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கை சுட்டது.

"போனா வாயைக் கட்டிப்புடுவாங்க அகிலா. மறுபடியும் டியூப்புதான். மத்யானம் ஒரு வாய் துன்னுட்டுப் போலாம்."

அந்த ஒரு வருஷமும் அடுத்த வீட்டுத் தாளிப்பு வாசனைக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதவன் அவன். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். போனை வைத்துவிட்டு அரிசி களைந்தாள். செய்வது தப்பு என்று தெரிந்துதான் செய்தாள்.

பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் கேட்டான். வைத்தாள்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது கரண்ட் போய்த் தெருவிலிருந்த விசைத்தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. அப்போதுதான் அவன் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

அவனுடைய அண்ணன் சண்முகம் வண்டி கொண்டுவந்தான். சென்னை வரைக்கும் தாங்காது என்று திருப்பதிக்கு விட்டார்கள். புத்தூர் தாண்டியதும் தணிகைவேலுக்குப் பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில், எப்போதிருந்து இப்படி என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். காலையிலிருந்து என்று அகிலாவும் தெலுங்கிலேயே சொன்னாள். அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது என்று சண்முகத்திடம்தான் சொன்னார். விடிவதற்குள் எல்லாம் முடிந்தது.

மத்தியானம் வாசலில் பந்தலடியில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அகிலா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சண்முகத்தின் மனைவி ரத்னம்மா முதல் ஆளாகத் தட்டிலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டு அவன் வாயருகே குனிந்தாள். அகிலா சட்டென்று அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கை கழுவிக்கினியாக்கா?"

சண்முகம் தலையைக் குனிந்துகொண்டான். ரத்னம்மா அரிசியைத் தட்டிலேயே போட்டுவிட்டுக் குழாயடிக்கு நடந்தாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள். குழாயடியில் யாரோ சோப்பு கேட்டார்கள்.