வலது ஓரத்தில் அத்தான்

1

இந்தக் கதை என் அக்காவினுடையது. அவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள், மீதியை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “குளிர்கிடங்கின் கதவு மூடியபோது அத்தான்”

(வேண்டாம். கதவு எப்படியும் மூடத்தான் போகிறது, அதற்குள் என்ன அவசரம்?)

2

அக்கா புரோகிராமர். மீனும் இறைச்சியும் வைக்கும் குளிர்கிடங்குக்கு அவள் எழுதிக்கொடுத்தது பழைய பாணி டெர்மினல் திரை. கருப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. படமும் இல்லை, மவுஸும் இல்லை. அறைக்கு ஒரு வரி. உள்ளே போகிறவர் அட்டையைத் தேய்த்தால் அவர் பெயர் வரியின் இடது முனையில் செருகப்படும்; ஏற்கெனவே உள்ள பெயர்கள் வலப்பக்கம் நகர்ந்து இடம்விடும். வெளியே வந்தால் பெயர் அழியும். வரி காலியானால் காவலாளி கதவைப் பூட்டலாம்.

ஒரு வரியில் நாலு பெயர் கொள்ளும். அந்த ஐஸ் அறைக்குள் அதற்கு மேல் யார் போய் நிற்கப்போகிறார்கள் என்று அக்கா விட்டுவிட்டாள்.

அத்தான், அதாவது அக்காவின் புருஷன், அங்கே மெக்கானிக். விசிறிகளைப் பார்க்க முதல் ஆளாகப் போவார், கடைசி ஆளாக வருவார். அவர் பெயர் எப்போதும் வலது ஓரத்தில்தான் இருக்கும். அன்றைக்குச் சரக்கு அதிகம். அவருக்குப் பின்னால் நாலு பேர் போனார்கள். நாலாவது பெயரைச் செருகியதும் அத்தான் விளிம்பைத் தாண்டி விழுந்தார். விழுந்த எழுத்தை டெர்மினல் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.* மற்ற நாலு பேரும் வந்தார்கள், வரி காலியானது, காவலாளி பூட்டிவிட்டார்.

* அக்காவின் திருத்தம்: “ஞாபகம் இல்லைன்னு எழுதாதடா. எடம் இல்ல, அவ்வளவுதான்.”

3

(முடிவு ஒன்று: அத்தான் உள்ளேயே

முடியாது. இதோ, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டர்.)

ஆமாம், அன்று பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். கதையின் தலைவலியே அதுதான். அறையின் உள்பக்கக் கைப்பிடி முன்பே உடைந்து கிடந்தது, உள்ளிருந்து திறக்க முடியாது. காவலாளியிடம் போய்க் கேட்டேன்.

“நான் தொறக்கலைங்க. காலைல வந்து பாக்குறேன், போட்ட பூட்டு போட்டபடி இருக்கு.”

“அப்ப எப்படி வெளிய வந்தாரு?”

“அவரையே கேளுங்க. எனக்கு அவர் மூஞ்சியப் பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு.”

அவரையே கேட்டேன்.

“தெரியல மாப்ள. குளிர் ஞாபகம் இருக்கு. வீட்டு வாசல் ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல. நீ எழுது, தெரிஞ்சிடும்.”

எழுதினேன். கடைசி வரி: “கதவு திறந்தது. அத்தான் வந்தார்.” யார் திறந்தது என்று எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் வந்துவிட்டார் அல்லவா, நிம்மதி.

4

நான் எழுதுவதும் டெர்மினலில்தான் என்று சொன்னேனா? கதை எழுத அக்கா செய்துகொடுத்தது. செருகும் வேலையைக் கிடங்குத் திரையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாள். கதைக்கு இவ்வளவுதான் இடம். நிறைந்தபின் முன்னால் எதைச் செருகினாலும் கடைசி எழுத்துகள் வெளியே விழும்.

இரண்டாம் பகுதியில் “அதாவது அக்காவின் புருஷன்” என்று உங்களுக்காகத்தான் செருகினேன். கடைசி வரியில் “அத்தான் வந்தார்” போய்விட்டது. பக்கத்திலிருந்து ஒரு கை என்னைத் தொட்டது. ஐஸ்.

“மாப்ள, என்னமோ பண்ற நீ. கால் மரத்துப்போவுது.”

பதறிப்போய் ஒரு நல்ல வர்ணனையை வெட்டி இடம் செய்து, அந்த இரண்டு வார்த்தைகளைத் திரும்ப எழுதினேன். அவர் காலை நீட்டி மடக்கினார். கதைக்காகச் சொல்லவில்லை, எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

அக்கா திரையைப் பார்த்தாள்.

“இனிமே முன்னாடி ஒரு புள்ளிகூட வைக்காத. எனக்கு அவர் வேணும்டா.”

5

இப்போது கதை விளிம்புவரை நிறைந்திருக்கிறது. தலைப்பு மட்டும் வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். பத்திரிகை ஆசிரியர் போனில் சிரித்தார்: “தலைப்பு இல்லாம எப்படிங்க போடறது? அனுப்புங்க, நானே ஒண்ணு வெச்சுக்கறேன்.” வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறேன்.

சற்றுமுன் அத்தான் நாற்காலியைவிட்டு எழுந்தார். “குளிருது மாப்ள,” என்றார். உள்ளேயிருந்து அக்கா கூப்பிடுகிறாள், “அவர் பேச்சு கேக்கலையே, எங்கடா?”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களைத்தான் கேட்கிறேன். மேலே தலைப்பு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். விரலை எடுக்காமல் கடைசி வரியைப் படியுங்கள், சத்தமாக, அக்காவுக்குக் கேட்கும்படி:

கதவு திற