எட்டு மாதக் கரகரப்பு

வரியின் கடைசிச் சொல்லில் குரல் லேசாகப் பிசிறியது. பொடிசு அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். வழவழவென்று ஓடிவந்த அலைக்கோடு, முடிகிற இடத்தில் மட்டும் கிழிந்த துணியின் ஓரம் போல நார்நாராக நின்றது. அதை வெட்டினாள். இரண்டாவது சரணத்தில் அதே சொல் நன்றாக விழுந்திருந்தது. அங்கிருந்து ஒரு துண்டை எடுத்து இங்கே ஒட்டினாள். ஒட்டு தெரியாமல் இருக்க முன்னால் இருந்த மூச்சையும் நீக்கினாள். திரும்ப ஓட்டிக் கேட்டாள். குறை சொல்ல முடியாது.

பொடிசு என்பது கூப்பிடுகிற பெயர்தானே தவிர, அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அக்காவை விட ஒரு சாண் உயரம். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. வீட்டுக்கு வந்துவிட்டால் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நெருக்கிப் போட்ட மேசைதான் அவள் உலகம். மெட்டு அவளுடையது, வார்த்தை அவளுடையது, கீபோர்டும் கிடாரும் அவள் கைவேலை. குரல் மட்டும் அக்காவுடையது. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிறுதோறும் வந்து, அலமாரிக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் நின்று பாடிவிட்டுப் போவாள். அப்படிச் சேர்ந்தவை எட்டுப் பாடல்கள்.

அவற்றை நல்ல ஸ்டூடியோவில் முறையாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது இரண்டு வருடப் பேச்சு. மூன்று வாரத்துக்கு முன்னால் அது அவசரமாகிவிட்டது. சங்கிலி மாட்டும்போது கழுத்தில் அக்காவின் விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது.

"தைராய்டுல வந்த கட்டி. குரலுக்குப் போற நரம்ப ஒட்டிக்கிட்டு இருக்கு. எடுத்தாகணும். எடுத்தப்புறம் குரல் பழையபடி இருக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது," என்றார் டாக்டர். பிறகு, "எவ்வளவு நாளா கரகரப்பு இருக்கு?" என்று கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்லையே டாக்டர். வாராவாரம் பாடிக்கிட்டுதான் இருக்கேன். என் தங்கச்சி பதிவு பண்ணி வச்சிருக்கா. போட்டுக் கேட்டா கண்ணாடி மாதிரி இருக்கு," என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே.

பக்கத்து நாற்காலியில் இருந்த பொடிசு குனிந்து தரையைப் பார்த்தாள்.

கரகரப்பு இருந்தது. முதல் தடவை அது கேட்டபோது, தொண்டை வறண்டிருக்கும் என்று நினைத்து வெட்டினாள். அடுத்த முறை, வகுப்பில் கத்திக் கத்தி வந்திருக்கும் என்று வெட்டினாள். அதற்கப்புறம், அக்காவுக்கு வயதாகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை எந்த வாயால் அக்காவிடம் சொல்வது? வெட்டி ஒட்டியதையே போட்டுக் காட்டினாள். அக்காவும் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். டாக்டர் அறையிலாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அன்று சொல்லாமல் விட்டது மறுநாள் இன்னும் கனமாகிவிட்டது.

அறுவைச் சிகிச்சைக்கு அடுத்த புதன்கிழமை நாள் குறித்திருந்தார்கள். இன்று செவ்வாய். இரண்டு ஸ்டூடியோக்களைப் பார்த்து, ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். அக்கா வாசலில் நின்று மணியை விடாமல் அழுத்தினாள்.

முதல் ஸ்டூடியோ ஆறாவது மாடியில் இருந்தது. உள்ளே போனதும் காது அடைத்தது போல அமைதி. சுவர் முழுக்கத் துணிப் பலகைகள், நடுவில் தொட்டாலே கண்டிப்பார்களோ என்கிற மாதிரி ஒரு மைக். ஸ்டூடியோக்காரர் சக்கரம் வைத்த சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, பொடிசு தந்த பாட்டைப் போட்டுக் கேட்டார். கண்ணை மூடித் தலையாட்டினார்.

"குரல் கழுவி வச்ச மாதிரி இருக்கே! இத முழுசாத் திரும்பப் பாடவே வேணாம். அங்கங்க நாலஞ்சு வரி மட்டும் எடுத்துக்கலாம். மத்தத நாங்க உள்ள சரி பண்ணிடுவோம். சனிக்கிழமை காலையில ஃப்ரீ. எழுதிக்கவா?"

"எழுதிக்கோங்க," என்றாள் பொடிசு, அவர் வாய் மூடும் முன்பே. நாலைந்து வரி போதும் என்றால் பழைய பதிவு அப்படியே உள்ளே போய்விடும். யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள்.

அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "பொறுடி. ஒரு செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவ, இதுல என்ன அவசரம்? இன்னொரு இடத்தையும் பாத்துட்டுச் சொல்றோம் சார்."

இரண்டாவது ஸ்டூடியோவுக்கு ஓர் அட்டைப்பெட்டிக் கிடங்கின் பின்பக்கமாகப் போக வேண்டியிருந்தது. லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டே பீப் பீப் என்று கத்தியது. "இங்கயா பாடறது?" என்று அக்காவே முகம் சுளித்தாள். ஆனால் கதவைச் சாத்தியதும் லாரி காணாமல் போயிற்று. உள்ளே சாயம் போன சோபா, தரையில் பழைய கம்பளம், சுவரோரம் புத்தக அலமாரி. சவுண்ட் இன்ஜினியர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்; மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தாள்.

உட்காரக்கூட இல்லை, அக்காவின் போன் அடித்தது. அத்தான். அக்கா பேசிக்கொண்டே சோபாவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்களாம். முன்னாடியே ஒரு இடம் காலியாயிடுச்சாம். வியாழக்கிழமை காலையில வந்து சேரச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்."

பொடிசு உடனே ஆறாவது மாடிக்குப் போன் போட்டாள். சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு மணி நேரம் கூடக் கிடையாது என்றார் ஸ்டூடியோக்காரர்.

"எனக்கு நாளைக்குப் பத்துல இருந்து நாலு வரைக்கும் காலி," என்றாள் இன்ஜினியர். "ஆனா ஒண்ணு. பாட்ட இப்பவே கேட்டாத்தான் நாளைக்கு நேரம் வீணாகாம இருக்கும். சேத்து வச்சத இல்ல, குரல் தனி, வாத்தியம் தனியா இருக்கிறதக் குடுங்க."

"மிக்ஸ் பண்ணினதே இருக்கு. அதுவே போதுமே..." பொடிசு மென்று விழுங்கினாள்.

"குடேன்டி. நாள் இல்லன்னு சொல்றாங்கல்ல?" என்றாள் அக்கா. லேப்டாப்பை அவள் மடியிலிருந்து தானே எடுத்து நீட்டினாள்.

இன்ஜினியர் கீபோர்டின் ஒலியை நிறுத்தினாள், கிடாரின் ஒலியையும் நிறுத்தினாள். அக்காவின் குரல் மட்டும் அறையில் நின்றது. முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. இன்ஜினியரின் புருவம் சுருங்கியது.

"இவங்க மூச்சே விடலையா?"

அக்கா சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜினியர், திரையின் கீழே மடித்து வைத்திருந்த பதிவுப் பட்டியலைத் திறந்துவிட்டாள். "ஓ, வெட்டாதது இங்க இருக்கு." பொடிசு கையை நீட்டுவதற்குள் விரல் அழுத்திவிட்டது.

அதே வரி. ஆனால் இந்தத் தடவை மூச்சு இருந்தது. கடைசிச் சொல்லில் மணலை மிதித்தது போல ஒரு கரகரப்பும் இருந்தது. அடுத்த வரியின் உச்சியில் குரல் இரண்டாகப் பிளந்து மறுபடி ஒட்டிக்கொண்டது.

"இது யாரு?" என்றாள் அக்கா.

அக்கா எழுந்து திரைக்கு அருகில் போனாள். ஒவ்வொரு பதிவின் பெயரோடும் தேதி இருந்தது. பொடிசு எதையும் ஒழுங்காக எழுதி வைக்கிறவள். அக்கா விரலை வைத்துக்கொண்டே ஒவ்வொன்றையும் போடச் சொன்னாள். ஜனவரிக் குரல் சுத்தமாக இருந்தது. பிப்ரவரியில் மணல். மே மாதத்தில் இன்னும் அதிகம். செப்டம்பரில் ஒரு வரி கூட முழுசாக இல்லை.

"பிப்ரவரி. இது அக்டோபர்." அவள் கரும்பலகை முன்னால் நிற்பது போலவே நின்றாள். "எட்டு மாசம்."

இன்ஜினியர் ஏதோ புரிந்தவளாக, தண்ணீர் கொண்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

"உனக்குத் தெரியும்."

"கரகரப்புன்னுதான்க்கா தெரியும். கட்டின்னு சத்தியமாத் தெரியாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பாடறத நிறுத்திடுவ. முன்ன ஒரு தடவ சுருதி சேரலன்னு சொன்னதுக்கு ஒரு வருஷம் நீ இந்தப் பக்கமே வரல."

"நிறுத்தினா நிறுத்திட்டுப் போறேன்! டாக்டர் என் மூஞ்சியப் பாத்துக் கேட்டாரே, அப்பக்கூட பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருந்தியே. அவர்கிட்ட நான் கண்ணாடின்னு சொன்னேன்டி. கண்ணாடின்னு!"

மன்னித்துவிடு என்று சொன்னாளா, நினைத்தாளா என்று பொடிசுக்கே தெரியவில்லை. அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். பொடிசு பின்னால் ஓடியபோது அவள் தெருமுனையில் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று போன் செய்தால் எடுக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டால், "தலைவலின்னு படுத்திருக்கா. என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்று அவர் கேட்டார். பொடிசு அவரிடம் மறைக்காமல் சொன்னாள். "நாளைக்கு வருவாளான்னு எனக்குத் தெரியாதும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மறுநாள் ஒன்பதரைக்கே பொடிசு கிடங்கு வாசலில் நின்றாள். பத்து ஆயிற்று. இன்ஜினியர் மைக்கை நிறுத்தி, கம்பிகளைப் பொருத்தி, உள்ளே விளக்கையும் போட்டுவிட்டாள். பத்தேகால். பத்தரை. ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் பொடிசு கழுத்தை நீட்டினாள். யார் யாரோ இறங்கினார்கள். நாளை காலை அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பாள். இன்றைக்கு வராவிட்டால் இந்தக் குரலின் முறையான பதிவு ஒன்றுகூட இருக்காது. இருப்பதெல்லாம் அவள் ஒட்டுப் போட்டுச் செய்த பொய்தான்.

பத்து நாற்பதுக்கு அக்கா வந்தாள். கண் வீங்கியிருந்தது. நேராகப் பொடிசின் முன்னால் வந்து நின்றாள்.

"காலையில டாக்டரப் பாத்துட்டுத்தான் வரேன். எட்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"நரம்பத் தொடாமலே எடுத்திருக்கலாமாம். இல்ல, இப்ப மாதிரியேவும் இருந்திருக்கலாமாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாதாம்." அக்கா மூச்சு வாங்கினாள். "உன்ன முழுசாத் திட்டவும் முடியல, விடவும் முடியல. தூங்காம இதையே போட்டு உருட்டிக்கிட்டிருந்தேன். சரி, நேரம் போகுது. ஒண்ணு சொல்லிடறேன். இன்னிக்கு நான் பாடறதுல ஒரு நூலக்கூட நீ வெட்டக் கூடாது."

"வெட்ட மாட்டேன்க்கா."

"அவங்க சாட்சி," என்று இன்ஜினியரைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

எட்டுப் பாட்டுக்கும் குரல் தாங்காது என்று முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. இன்ஜினியர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறமிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். அக்காவே தேர்ந்தெடுத்தாள், பொடிசுக்கு மிகவும் பிடித்த பாட்டு அதில் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் அக்கா கால்மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்தாள். வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டினாள். வெந்நீர். ஃபேனை நிறுத்து. ஒரு தடவை, 'மூஞ்சிய அப்படி வச்சுக்காதே, பாட்டு மறந்து போகுது' என்று எழுதினாள். பொடிசு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

மூன்றாவது பாட்டில் குரல் நடுவழியில் நின்றேவிட்டது. வாய் அசைகிறது, காற்று மட்டும் வருகிறது. மணி ஒன்றேமுக்கால். பொடிசு எழுந்து நின்றாள். இன்ஜினியர் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். அரை மணி நேரம் போயிற்று. அக்கா தொண்டையைத் தடவிக்கொண்டே தலையசைத்து, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை உச்சியை எட்டிப் பிடிக்கப் பார்க்கவில்லை. அதைப் பேசுவது போலச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். அந்த வரி அப்படிப் பாட வேண்டியதுதான் என்று பொடிசுக்கு அப்போதுதான் தோன்றியது.

நான்கு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஐந்தாவது பாட்டு முடிந்தது. கடைசிச் சொல் பிசிறிக் கரைந்தது. இன்ஜினியர், "இன்னொரு தடவ எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பொடிசைப் பார்த்தாள். பொடிசு அக்காவைப் பார்த்தாள். அக்கா ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை நாலு மணி நேரம் நடந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு பத்து நாள் கழித்து வந்தது. பயப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் நரம்பைக் கட்டியிலிருந்து உரித்தெடுக்க வேண்டியிருந்ததால், அக்காவுக்கு ஆறு வாரம் குசுகுசுப்புத் தவிர எதுவும் வரவில்லை. அந்த ஆறு வாரமும் பொடிசு வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனாள். அக்கா சில நாள் பேசினாள், சில நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டையும் பொடிசு ஏற்றுக்கொண்டாள்.

ஐந்து பாடல்களிலும் குரலைத் தொடாமல், வாத்தியத்தை மட்டும் குறைத்தும் கூட்டியும் அவள் மிக்ஸை முடித்தாள். கரகரப்புக்கு இடம் விட்டு கிடாரை ஒதுக்க வேண்டியிருந்தது; வேலை இரட்டிப்பானது.

ஐந்தாம் மாதம் அக்காவுக்குக் குரல் வந்தது. வேறு குரல். தடித்து, தாழ்ந்து, மேலே போக மறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பொடிசின் வீட்டுக்கு வந்து, "சுருதிய நாலு கட்டை கீழ இறக்கி ஏதாவது போடு, பாப்போம்," என்றாள்.

பொடிசு போட்டாள். அக்கா பாடினாள்.

"ரெண்டாவது வரியில காத்து மட்டும்தான் வருதுக்கா. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்."

அக்காவின் முகம் சிவந்தது. "பாட ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆகல, அதுக்குள்ளயா?" என்று பையை எடுத்தாள். வாசல் வரை போய்ச் செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். பிறகு அங்கிருந்தே, திரும்பாமல், "எத்தன மணிக்கு இருப்பாரு அவரு?" என்று கேட்டாள்.