பயணி இருக்கையில் வாத்தியார்

...இல்லை, இது சரியில்லை, இவ்வளவு சீக்கிரம் வேகத்தைக் குறைத்திருக்கக் கூடாது, வெளியே மழை கொட்டுகிறது, காற்று வலப்பக்கத்திலிருந்து பிடித்துத் தள்ளுகிறது, அது விமானத்தை ஓட்டுகிற அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா... தெரியாமலா இருக்கும், அவள் முன்னால் சுவர் நிறையக் கருவிகள், உன் முன்னால் ஒரு காலிக் காகிதக் கோப்பை, பேசாமல் உட்கார். வாத்தியார் தன் இடது காலைப் பார்த்தார். அது தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மிதிகட்டை எதுவும் இல்லாத வெறும் தரை. “என்னங்க, நீங்களா ஓட்டுறீங்க? காலை எடுங்க, என் பை நசுங்குது” என்றாள் மனைவி, குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்காமலே. எடுத்தார். சற்று நேரத்தில் கால் தானாகப் போய் மறுபடியும் அழுத்தியது.

வெட்கமாக இருந்தது. விமானப்படையில் பாதி ஆயுள், போர் விமானம், பிறகு பயிற்சிப் பள்ளி, வாத்தியார் என்ற பெயர் அங்கே ஒட்டியதுதான், ஓய்வு பெற்று வந்த பிறகு தெருவில் இஸ்திரி போடுகிறவர் வரை அதே பெயர். எத்தனை பிள்ளைகள் முன்னிருக்கையில் உட்கார்ந்து விமானத்தைக் கட்டவிழ்த்த மாடு மாதிரி ஓட்டியிருக்கிறார்கள், இவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு சீட்டியடித்தபடி, “மெதுவா வாப்பா, தரை எங்கயும் ஓடிப்போயிடாது” என்பார். அந்த ஆள் எங்கே போனான்? தைரியசாலி என்றார்களே... ஆனால் இவர் முழங்கால்களுக்கு நடுவிலும் ஒரு கட்டுப்பாட்டுத் தண்டு இருந்தது, நினைத்த நொடியில் பிடுங்கிக்கொள்ளலாம், அதற்குப் பெயர் தைரியமா? சரி, எஞ்சின் தீப்பிடித்த அன்று? மாணவன் உறைந்துபோய்விட்டான், குதி குதி என்று கத்தியும் அசையவில்லை, அவனை விட்டுவிட்டு இவரும் குதிக்கவில்லை, புகைக்குள் விமானத்தை இறக்கினார், அதற்குத்தான் பதக்கம். அன்று பயந்தோமா? ஞாபகமே இல்லை. கைக்கு வேலை இருந்தது, பயப்பட நேரமில்லை. இப்போது கையில் ஒன்றுமில்லை, மழையும் இந்த இரைச்சலும் தவிர...

இரைச்சல் திடீரென்று உறுமலானது. விமானத்தின் மூக்கு மேலே தூக்கியது, வயிறு கீழே போனது, பின்னால் யாரோ வீரிட்டார்கள். “காத்து கொஞ்சம் பலமா இருக்கு, ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி இறங்கப் போறோம், பயப்பட வேண்டாம்” என்றது ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல். சபாஷ், இதைத்தானே வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தோம், மனசு ஒப்பவில்லையா இறக்காதே, மேலே போ, கௌரவம் பார்க்காதே... இந்த விமானத்தில் அவள் செய்தது சரி என்று அறிந்த ஒரே பயணி இவர்தான், உள்ளங்கை வியர்த்து இருக்கையின் கைப்பிடியில் வழுக்குவதும் இவருக்குத்தான். மனைவியைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒரு கைமேல் ஒரு கையாக மடியில் வைத்திருந்தாள். இறுக்கிப் பிடிக்கவில்லை, வேண்டிக்கொள்ளவும் இல்லை, பழகிப்போன ஒரு வேலையைச் செய்வதைப் போல உட்கார்ந்திருந்தாள். எங்கே பழகினாள்? இந்தக் கேள்வி இத்தனை வருடங்களில் ஒருமுறை கூட... அன்றைய தீயைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறார், எந்தக் கருவியின் முள் எங்கே நின்றது என்பது வரை, அந்த நேரத்தில் இவள் எங்கே நின்றாள் என்று கேட்டதுண்டா?

“அந்தத் தீப்பிடிச்ச அன்னைக்கு... நீ எங்க இருந்த?”

அவள் திரும்பி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “இப்பதான் கேக்கத் தோணுச்சா?” சக்கரங்கள் மறுபடி இறங்கும் சத்தம் கேட்டது. “வீட்லதான். துணி காயப்போட்டுட்டு இருந்தேன். உங்க படை ஜீப் வாசல்ல வந்து நின்னுச்சு. உள்ள பெரிய அதிகாரி, பக்கத்துல அவர் சம்சாரம். சாவுச் சேதி சொல்லத்தான் அப்படி ஜோடியா வருவாங்க. யாரும் இறங்கல. என்னையும் பாக்கல. நான் ஈரத்துணியும் கையுமா நின்னேன். அப்புறம் கிளம்பிப் போயிடுச்சு.”

“நீ சொல்லவே இல்லையே?”

“நீங்க சிரிச்சுட்டே வந்தீங்க. பசிக்குதுன்னீங்க.”

விமானம் தரையைத் தொட்டு, ஒருமுறை உதறி, ஓடியது. யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் எழுந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்கள், அவளும் எழுந்துவிட்டாள், வழி விடுங்க என்றாள். வாத்தியாருக்குக் கால் அசையவில்லை. எவ்வளவு நேரம் நின்றது அந்த ஜீப்... கேட்கலாம், இப்போதே கேட்கலாம், ஆனால் அவள் சொல்லிவிட்டால்...