மிதிக்கு ஒரு வார்த்தை

யுத்தத்தில் நூலுக்குக் கண்ட்ரோல் வந்து, எங்கள் அருப்புக்கோட்டைத் தறிகளில் பாதி ஓய்ந்து கிடந்த வருஷம். நூல் பங்கீட்டுக்குச் சர்க்கார் ஒரு குமாஸ்தாவைத் தேடியது. என் மனைவி லிங்கம்மாளின் தம்பி கருணாகரன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது. ஆனால் வெள்ளைக்காரத் துரை முன்னால் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டுமாம். வீட்டில் கன்னடமும் தெருவில் தமிழும் பேசுகிற எங்களுக்கு, அதை யாரோடு பேசிப் பழகுவது என்றே தெரியவில்லை.

உட்கார்ந்து படிக்க அவனுக்கு நேரம் ஏது? தறிக்குழியில் இறங்கி, பாவு நூலுக்கு மேலே காகிதத்தைத் தொங்கவிட்டு, காலடியில் இருக்கும் மிதிகட்டைகளை மாறி மாறி மிதித்துக்கொண்டே, தன் ஊர், தொழில், நூலின் தரம் எல்லாவற்றையும் மிதிக்கு ஒரு வார்த்தையாகப் பாடம் பண்ணினான். பக்கத்துக் குழியில் இருந்த நான்தான் துரை. நான் "எஸ்" என்றால் மேலே பேச வேண்டும். "ஒய்" என்றால் காரணம் சொல்ல வேண்டும். வேறு இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஒரே மாதத்தில் அவன் பேச்சில் இழை அறுவது நின்றுபோயிற்று. லிங்கம்மாள் முன்கூட்டியே அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டாள்.

பரீட்சை திருச்சுழி பங்களாவில். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் போய் இறங்கினோம். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். துரை நாற்காலியைக் காட்ட, கருணாகரன் உட்கார்ந்தான். காலுக்கடியில் வழவழவென்று சிமெண்டுத் தரை. துரை ஏதோ கேட்டார். இவன் கால் தரையில் மிதியைத் தேடியது. பிறகு வலது கால் மெல்ல அசைந்தது, ஒரு வார்த்தை வந்தது. இடது கால் அசைந்தது, இன்னொன்று வந்தது. அப்புறம் மேஜையே தடதடவென்று ஆடி மைக்கூடு கவிழ்ந்தது. துரை காலைச் சுட்டி நிறுத்தச் சொன்னார். கால் நின்றது. இங்கிலீஷும் நின்றது.

"பரீட்சைக்கு வந்ததுல பொன்னுச்சாமின்னு ஒருத்தர், விருதுநகரு. அவுக அசையாம உக்காந்து பேசுனாக மச்சான்" என்றான் திரும்பும் பஸ்ஸில்.

"விடு மாப்ள. தறி எங்கயும் போயிராது" என்றேன். எனக்கே அழுகை வந்தது.

வேலை அந்தப் பொன்னுச்சாமிக்குத்தான் கிடைத்தது. முதல் பங்கீட்டன்று எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்பதாம் நம்பர் சன்ன நூல் என்று எழுதிக்கொண்டு ஒரு நூல் சிப்பத்தை நீட்டினார். கருணாகரன் குழியில் இருந்தபடியே ஓர் இழையை விரலில் உருட்டிப் பார்த்தான்.

"சார், இது இருபதாம் நம்பரு, மோட்டா நூலு."

குமாஸ்தாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவனை அடக்க இங்கிலீஷில் இரண்டு வார்த்தை அதட்டினார். கருணாகரனின் கால் மிதியில்தான் இருந்தது. மிதித்தான். ஒரு மாதத்துப் பாடம் மடமடவென்று வந்து விழுந்தது. பழக்க தோஷத்தில் நான் பக்கத்துக் குழியிலிருந்து "ஒய்" என்றேன். காரணத்தையும் சொல்லி முடித்தான்.

பொன்னுச்சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரி, கொஞ்சம் தமிழ்ல சொல்லுமேன்."

அன்றிலிருந்து நூல் வந்தால் சிப்பத்தோடு நேரே எங்கள் தறிக்குழியோரம் வந்து குந்திவிடுகிறார். நம்பர் சொல்வது கருணாகரன், சம்பளம் வாங்குவது அவர். எனக்கு வயிறு எரிகிறது.