ரோசாப்பூ நெபுலாவும் மாதா விளக்கும்

சூசைதாசனுக்கு இந்த வீட்டில் இன்னும் நான்கு நாட்கள்தான் மிச்சம். சனிக்கிழமை ஹவுன்ஸ்லோ வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, மனைவி பியற்றிஸோடு சட்டன் என்ற இடத்தில் மகள் ஜெனோஜாவின் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோக வேண்டும். அங்கே கிடைப்பது மூன்றாம் மாடி; வளவோ தோட்டமோ கிடையாது. முன்னறையில் பெட்டிகள் கட்டியும் கட்டாமலும் கிடக்க, மனிதர் பின்வளவில் தொலைநோக்கியோடு நின்றார். சனி வரைக்கும் முகில் இல்லாத பின்னேரம் இது ஒன்றுதானாம். முப்பது வருஷம் சீவித்த வளவிலிருந்து ரோசாப்பூ நெபுலா என்ற விண்வெளி வாயுத்திரளை ஒரு படமாவது எடுக்காமல் போவதில்லை என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அது அவர் ஓய்வுபெற்றபோது ஜெனோஜா வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் தொலைநோக்கி. போனில் பெயரைத் தொட்டால் போதும். தானே திரும்பி இலக்கைக் கண்டுபிடித்து, பத்துப் பத்துச் செக்கனாகப் படம் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். ஹவுன்ஸ்லோ வானத்தில் வெறுங்கண்ணுக்கு நெபுலா எங்கே தெரியப்போகிறது? அதற்குத்தான் உள்ளே ஒரு பில்டர். நெபுலாவின் சிவப்பையும் நீலப்பச்சையையும் உள்ளே விட்டு, ஊர் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

அவர் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் தெருவிளக்கெல்லாம் செம்மஞ்சள். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. ஷிப்ட் முடிந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால் மழைகூடச் செம்மஞ்சளாகத்தான் பெய்யும். அந்த வெளிச்சத்தில் பியற்றிஸ் கைக்குழந்தையோடு மேல் யன்னலில் நிற்பாள். கவுன்சில் எல்லா விளக்கையும் வெள்ளையாக மாற்றி வருஷங்களாகிவிட்டன. அந்தப் பழைய நிறத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் நெஞ்சு இளகும். வாய் ஓயாமல் திட்டிய தெரு, விட்டுப்போகும் நேரத்தில் இப்படி இனிக்க வேண்டுமா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஏழு மணிக்குப் படம் தொடங்கியது. உடனேயே ஒரு விமானம் குறுக்கே போனது. தொலைநோக்கி அந்தப் படத்தைக் கழித்துவிட்டது.

"உனக்குள்ள எத்தினை பெட்டி ஏத்தினனான், நன்றி கெட்ட சனியனே!" என்று அண்ணாந்து ஏசினார்.

பத்து நிமிஷத்தில் போனின் நடுவில் சிவப்பு லேசாகத் தட்டுப்பட்டது. ஆனால் இடப்பக்கம் முழுக்க வெள்ளையாக ஊறிக் கிடந்தது. பில்டர் தெருவை வென்றுவிட்டது. பக்கத்தில் நின்ற மாதாவை வெல்ல முடியவில்லை. கை எட்டும் தூரத்தில், மதிலோரம் குகைபோலக் கட்டிய சின்னக் கெபியில் மடுமாதா சுரூபம். அதன் தலைக்கு மேல் எரிந்த பல்பு நேரே கண்ணாடியில் அடித்தது. தொலைநோக்கியை மற்றப் பக்கம் நகர்த்தினால் அயல்வீட்டுக் கூரை மறைக்கும்.

"பியற்றிஸ்! இந்த மாதா லைட்டை ஒரு மணித்தியாலம் அணையும்."

சமைத்துக்கொண்டிருந்தவளின் தலை மட்டும் குசினிக் கதவால் வந்தது. "ஏலாது."

"ஏன் ஏலாது? மாதா இருட்டுக்குப் பயப்பிடுவாவே?"

"பகிடி வேண்டாம். ஏலாதெண்டால் ஏலாது."

அவர் தோட்ட வாளியைத் தூக்கிக் கெபியை மூடப் போனார். பியற்றிஸ் ஓடிவந்து பறித்தாள்.

"மாதாவுக்கு வாளியோ? உங்களுக்கென்ன விசரே?"

"ஒரு படம், பியற்றிஸ். முப்பது வருஷத்தில இந்த வளவிட்ட நான் கேட்டது ஒரேயொரு படம்!"

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஸ்னோ கொட்டின நாள் ஞாபகமிருக்கோ?"

இல்லாமலா? ஜெனோஜாவுக்கு அப்போது ஆறு மாதம். பஸ் ஓடவில்லை. கையில் போன் இல்லாத காலம். விமான நிலையத்திலிருந்து வழிதவறி நடந்து நடந்து, விடியத்தான் வீட்டுக்கு வந்தார்.

"அண்டைக்கு முழு இரவும் பிள்ளையை வச்சுக்கொண்டு இருந்தனான். அப்ப மாதாவுக்கு ஒரு நேர்த்தி வச்சன். இனி ஒவ்வொரு நாளும் பொழுதுபட விளக்குப் போடுவன், இவர் வீட்டுக்குள்ள கால் வைக்குமட்டும் அணைக்கமாட்டன் எண்டு. நீங்கள் வெளியில நிக்கேக்க எப்படி அணைக்கிறது?"

"இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லையே."

சூசைதாசனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாதாவுக்கென்று எரிகிற விளக்கு என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

உண்மையில் அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பக்கத்தில் நிற்கத் தேவையே இல்லை. வீட்டுக்குள் இருந்தே போனில் பார்க்கலாம். முதல் நாளே ஜெனோஜா படித்துப் படித்துச் சொன்னாள். பெட்டி ஏற்றிப் பழகிய மனிதருக்குச் சாமானைத் தனியே விட்டுவிட்டுப் போக மனம் வராது. அதனால்தான் மாசிக் குளிரில் காவல் நின்றார். இப்போது அதை அப்படியே விட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றிக் குசினிக்குள் கால் வைத்தார்.

"உள்ளுக்க வந்திட்டன்."

பியற்றிஸ் கெபிக்குப் போனாள். அவர் திறந்த யன்னலோரம் போனோடு நின்றார். விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் இடப்பக்க வெள்ளை விலகி, சிவப்பு இதழ் இதழாகத் தெளிந்து வந்தது. ஆனால் அவர் போனைப் பார்க்கவில்லை. இருட்டில் மாதாவின் முன்னால் நின்றவள் தாழ்ந்த குரலில் சொன்னது யன்னலால் கேட்டது.

"வந்திட்டார், தாயே."

அவர் வேலையால் வந்து கை கழுவிச் சோற்றின் முன்னால் குந்திய அத்தனை இரவுகளிலும் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள்.