தவிலுக்கு மட்டும் கரகரத்த ரேடியோ

செத்த வீட்டில் ரேடியோ கண்ணில் படக்கூடாது என்று நாத்தனார் தங்கபுஷ்பம் சொன்னதால், பிச்சம்மாள் எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அப்படியே தூக்கித் தெருவில் எறிந்தால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றியது. புருஷன் பரமசிவன் முன்கூடமான பட்டாசலில் பெஞ்சின் மேல் கிடந்தார். விடிகாலையில் உயிர் போயிருந்தது. சாரல் விட்டபாடில்லை. வருகிறவர்கள் எல்லாரும் ஈரக் குடையை அவர் தலைமாட்டிலேயே சாத்திவிட்டு அழுதார்கள்.

எல்லாருக்கும் ஒரே கேள்விதான். கடைசியாக என்ன சொன்னார்? தண்ணீர் கேட்டார் என்று சொல்லிச் சொல்லி பிச்சம்மாளுக்கு வாய் வலித்தது. தங்கபுஷ்பம் அதையும் விடவில்லை. அண்ணன் முருகா என்றுதான் சொல்லியிருப்பார், உன் காதில் விழுந்திருக்காது என்றாள். முருகனாவது ஒன்றாவது. அவர் சொன்னதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

"ஏட்டி, நீ குத்தலைன்னா அது எப்படிக் கிழியும்?"

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ரயில்வே பார்சல் ஆபீசில் ரிட்டயர் ஆன கையோடு வாங்கிய ரேடியோ அது. மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. மாசி மாதம் அவர் இருமலோடு கட்டிலில் விழுந்தார். அந்த வாரமே ரேடியோவுக்கும் சீக்கு வந்தது. செய்தி நன்றாகக் கேட்கும். சினிமாப் பாட்டும் நன்றாகக் கேட்கும். நாதஸ்வரக் கச்சேரியில் தவில்காரர் கனத்த பக்கத்தில் ஓங்கித் தட்டினால் மட்டும் கிர்ர் என்று ஒரு கரகரப்பு. தவில் கேட்கத்தான் மனுஷர் ரேடியோவே வாங்கினார்.

பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பார் மூன்று தடவை வந்தான். வால்வை மாற்றினான், திருகாணியையெல்லாம் முடுக்கினான், கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கடையில் தவில் கணீரென்று கேட்டது. வீட்டில் கொண்டுவந்து வைத்தால் மறுபடியும் கிர்ர். மூன்றாவது தடவை அவனுக்கும் பொறுமை போய்விட்டது. ஆளை விட்டால் போதும் என்று, ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருக்கிறது, யாரோ விரலால் குத்தியிருக்கிறார்கள் என்று சொல்லி, எங்கேயோ கொஞ்சம் பசையைத் தடவிவிட்டுப் போனான். வீட்டில் இருந்தது இரண்டே பேர். தான் குத்தவில்லை என்று பரமசிவனுக்குத் தெரியும். மிச்சம் யார்?

அன்றிலிருந்து ஆரம்பித்தது. அவள் கஞ்சி கொடுத்தாள். குத்தினவள் கையால் குடிக்க வேண்டியிருக்கிறதே என்ற மூஞ்சியோடு அவரும் குடித்தார். இருமித் துப்புவதற்கு ஒரு பித்தளைப் படிக்கம் இருந்தது. அவருடைய அப்பா வெற்றிலை துப்பியது. அந்தப் படிக்கத்தின் வாய் மட்டும் தனியாகக் கழன்று வரும். கைக்கு எட்ட வேண்டும் என்று ரேடியோ ஸ்டூலின் கீழ்த்தட்டில் அவரேதான் வைக்கச் சொன்னார். அதை ஒரு நாளைக்கு நாலு தடவை கழுவி வைத்தாள். ஒவ்வொரு தடவை குனியும்போதும் தலைக்கு மேலே அதே பேச்சுதான்.

செத்துப்போனவர் மேல் கோபப்படக்கூடாதுதான். ஆனால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது வருஷம் கூட இருந்தவளை நம்பாமல், ரிப்பேர்க்காரனை நம்பிவிட்டுப் போய்விட்டார். இனிமேல் நான் குத்தவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மத்தியானம் அவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்தார்கள். தெருவில் நின்று அடிக்க வேண்டிய கொட்டுக்காரர்கள் சாரலுக்குப் பயந்து, வாசற்படியை ஒட்டி இறவாரத்துக்குக் கீழே ஒண்டிக்கொண்டார்கள். உறுமிக்காரர் கோலை இழுத்தார். கூடவே பெரிய கொட்டு ஓங்கி விழுந்தது.

கிர்ர்.

பிச்சம்மாள் அழுகையை நிறுத்தினாள். மறுபடி கொட்டு விழுந்தது. மறுபடி கிர்ர். எழுந்துபோய்த் துண்டை விலக்கினாள். பிளக்கு தரையில்தான் கிடந்தது. குனிந்து பார்த்தாள். கீழ்த்தட்டில் படிக்கத்தின் வாய் நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள், சத்தம் நின்றது. கையை எடுத்தாள், கிர்ர்.

"இப்பமாவது கேட்டீயளா?" என்றாள் பெஞ்சைப் பார்த்து. "நானா குத்துனேன்?"

ஒப்பாரி வைக்கிறாள் என்று நினைத்துப் பெண்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். தங்கபுஷ்பம் ஓடிவந்து கட்டிப் பிடித்தாள்.

"கொஞ்சம் சும்மா இரு தங்கபுஷ்பம். அவரு கேக்கட்டும்" என்றாள் பிச்சம்மாள்.

வாசலில் நனைந்த தொப்பியோடு நின்றிருந்த ஜப்பாருக்கும் அது கேட்டிருந்தது. படிக்கத்தைப் பார்த்தான், ரேடியோவைப் பார்த்தான். மெல்ல உள்ளே வந்தான்.

"ஆச்சி, அன்னைக்கு ஒண்ணும் புலப்படாமத்தான் அப்படிச் சொல்லிட்டேன். காகிதம் கிழியவே இல்ல."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? எனக்குத் தெரியாதா? அங்கன போய்ச் சொல்லு."

ஜப்பார் பெஞ்சருகே போய்க் குனிந்தான். உதடு அசைந்தது. கொட்டுச் சத்தத்தில் அவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை.

தூக்கிக்கொண்டு போனார்கள். சீக்காளி புழங்கியதையெல்லாம் வீட்டில் வைக்கக்கூடாது என்று தங்கபுஷ்பம் பாயையும் தலையணையையும் சுருட்டி எடுத்தாள். படிக்கத்துக்கும் கையை நீட்டினாள்.

"அது கெடக்கட்டும்" என்றாள் பிச்சம்மாள்.

கொட்டு தெருமுனை திரும்பும்வரை அது விட்டு விட்டுக் கரகரத்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கையை வைத்து நிறுத்தவில்லை.