ஆட்டுத் தும்மல்

மலையூருக்குச் சுற்றிப்பார்க்க வந்த போட்டோக்காரர் அந்த ஊரை இரண்டு கண்ணாலும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏரி, பூங்கா, சந்தைத் தெரு எல்லாவற்றையும் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தார். மற்றொரு கண் எப்போதும் மூடியே இருந்தது. ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு வந்தும் மனுஷன் ஸ்டுடியோவிலேயேதான் இருக்கிறார் என்று அவர் மனைவி அலுத்துக்கொண்டாள். அன்று காலை கோட்டைக்குக் கிளம்பும்போது, முழங்கால் வலிக்கிறது, நான் கார் நிற்கிற இடத்திலேயே இருக்கிறேன், பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தரம் சொன்னாள். அவர் இரண்டு தரமும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பிள்ளைக்கு ஐந்து வயது. வீட்டில் பொம்மை என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோவிலேயே வளர்ந்தவள். விளக்கைச் சரிபார்க்க அவளைத்தான் முக்காலியில் நிறுத்துவார். அப்பா ‘போதும்’ என்று சொல்லும்வரை கை கால் அசையக் கூடாது, யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாது. இதுதான் அங்கே சட்டம். வாடிக்கையாளர்களுக்கு வேடிக்கை காட்டுவதற்காக, முதுகுக்குப் பின்னால் நின்று அவரே குரலை மாற்றி மாற்றி அவளைக் கூப்பிடுவார். பொம்மைக்கு இமைகூட அசையாது. “பாத்தீங்களா?” என்று மீசையைத் தடவிக்கொள்வார். ‘போதும்’ என்று சொன்னால் போதும், குரல் வந்த பக்கம் ஒரே தாவு. அவர் கையில் பிடித்துக்கொள்வார்.

அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஆட்டுக்குட்டி தும்முவதைப் போல அவர் தும்மிக் காட்டினால் மட்டும் சிரிக்கலாம். எத்தனை அழுமூஞ்சிப் பிள்ளையையும் சிரிக்க வைக்க அவர் கைவசம் இருந்த ஆயுதம் அது.

கோட்டை என்று சொன்னாலும் கூரை ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றைப்போல ஒன்றாக இடிந்த சுவர்கள், நடுவில் புல். கடைசிச் சுவருக்கு அப்பால் மலை செங்குத்தாக இறங்கியது, எதிரே அருவி. அந்தச் சுவரில் ஒரு சன்னல் இருந்தது. அதன் திட்டு அகலமாகத்தான் இருந்தது. பொம்மையை அதில் ஏற்றி நிறுத்தினால் படத்தில் அவளுக்குப் பின்னால் அருவி முழுசாக விழும் என்று கண்டார். ஏற்றினார். பக்கத்திலேயே நிற்கத்தான் நினைத்தார், ஆனால் அங்கிருந்து பார்த்தால் அருவியின் தலை வெட்டுப்பட்டது. பின்னால் போனார், இன்னும் போனார். அப்போதுதான் அகல லென்ஸ் பை நுழைவாயில் பெஞ்சிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. இறக்கி, மறுபடி ஏற்றி, கை வைத்த இடத்தைச் சரிசெய்து, இதெல்லாம் வீண் வேலை என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றியது.

“அசையாம இரு. இதோ வந்துட்டேன்.”

பையை எடுத்துத் திரும்பினார். கோட்டையைக் காணவில்லை.

பனிமூட்டம் இறங்கியிருந்தது. நீட்டிய கை மங்கலாகத் தெரிந்தது, அதற்கு அப்பால் வெள்ளை. முதலில் அவர் பயப்படவில்லை, நேராகப் போனால் சுவர்தானே என்று நடந்தார். சுவர் வந்தது. அதில் சன்னல் இல்லை. அடுத்த சுவரில் சன்னல் இருந்தது, பிள்ளை இல்லை. தடவிப் பார்த்தார், சன்னலுக்கு அந்தப் பக்கம் புல் இருந்தது. வேறு சன்னல். அருவியின் இரைச்சல் நாலு பக்கத்திலிருந்தும் ஒன்றுபோல வந்தது.

“பொம்மை! எங்கடா இருக்கே?”

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். பதில் இல்லை. விழுந்துவிட்டாள் என்றே நினைத்தார். அப்போதுதான் ஸ்டுடியோவும் முக்காலியும், தான் மீசையைத் தடவிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. கூப்பிட்டால் வாய் திறக்காதே என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே. யார் மேல் கோபப்படுவது?

‘போதும்’ என்று கத்த வாயைத் திறந்தவர், கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் பொம்மை கண்ணை மூடிக்கொண்டு தாவும். பிடிக்க அப்பா இருப்பார் என்ற நம்பிக்கையில் தாவும். எதிர்ப் பாறையில் பட்டு எதிரொலித்தால் அந்தப் பக்கமே தாவும்.

விசில் ஊதிக்கொண்டு காவலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டதும், “பாப்பா, சத்தம் வர்ற பக்கமா ஓடி...” என்று ஆரம்பித்தார். போட்டோக்காரர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

“கூப்பிடாதீங்கண்ணே. காலெடுத்து வெச்சா போயிடுவா.”

காவலாளி புரிந்துகொண்டார். அவர் டார்ச்சை அடித்தார், வெளிச்சம் பனியின் வெள்ளைச் சுவரில் மோதித் திரும்பியது. இந்தப் பனி சமயத்தில் ஒரு மணி நேரம்கூட நிற்கும் என்றார் மெதுவாக. ஒரு மணி நேரம் ஐந்து வயதுப் பிள்ளை அசையாமல் நிற்குமா? நிற்கும், கால் மரத்துப்போய் விழுகிறவரை நிற்கும். அவர் வளர்த்த பிள்ளை அது.

எங்கோ ஒரு கல் உருண்டு விழும் சத்தம் கேட்டது.

போட்டோக்காரர் புல்லில் மண்டியிட்டார். “பொம்மை, காலை அசைக்காத. சிரிக்க மட்டும் செய்,” என்று கத்தினார். பிறகு தும்மினார். முதல் தும்மல் விக்கலைப் போல வந்தது. இரண்டாவதில் அழுகை கலந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டுடியோவில் செய்வதைப் போலவே உடம்பையெல்லாம் குலுக்கி, மூக்கைச் சுளித்து, ஆட்டுக்குட்டியாக மூன்றாவது முறை தும்மினார். காவலாளி சிரிக்கவில்லை.

களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. அவருக்கு முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது.

அவர் நின்றது கடைசிச் சுவர் இடிந்து திறந்து கிடந்த இடம், இன்னும் நாலடி முன்னால் போயிருந்தால் பள்ளம் என்று காவலாளி பிறகு சொன்னார். அப்போது அதை நினைக்க அவருக்கு நேரமில்லை. தும்மிக்கொண்டே நாலு காலில் தவழ்ந்தார். சிரிப்பு வந்த பக்கமே போனார். சிரிப்பு நின்றால் மறுபடி தும்மினார். கல்லில் கை இடித்தது. மேலே தடவினார். திட்டு, ஈரச் செருப்பு, அதற்குள் சில்லிட்ட சின்னக் கால்.

இரண்டு கையாலும் வாரி இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். பிள்ளை மரக்கட்டையாக இருந்தாள். கைகள் அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தன. கண் காமிரா இருந்த திசையையே பார்த்தது. தோளைக் குலுக்கினார், முத்தம் கொடுத்தார். அசையவில்லை. அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“போதும்,” என்றார்.

உடனே இரண்டு கையும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டன. பிள்ளை ஓவென்று அழுதாள்.

“ஒரு கல்லு கீழ போச்சுப்பா. எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு.”

“அப்பவே இந்தப் பக்கமா இறங்கி வந்திருக்கலாமேடா கண்ணு.”

பொம்மை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நீதான் போதும் சொல்லவே இல்லையே.”

காவலாளி டார்ச்சை அணைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். போட்டோக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கார் நிற்கிற இடம் வரும்வரை அந்த ஒரே சொல்லைத்தான் அவள் காதில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனார்.